ஹாப்ஸன் ஜாப்ஸன்: துரைமார் நாவில் தமிழ்ச் சொற்கள்

1886-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் ஜான் மரே என்னும் பதிப்பகத்தார் ஓர் அகராதியை வெளியிட்டனர். அதன் பெயர் 'ஹாப்ஸன் ஜாப்ஸன்'. பெயரைக் கேட்ட மாத்திரத்தில், இரண்டு ஆங்கிலேயர் கூட்டாக நடத்திய வாணிகக் கம்பெனியின் பெயர் போலும் என்றே எவரும் எண்ணுவர். உண்மை வேறு. முகர்ரம் நாளில், நபிகள் நாயகத்தின் பேரர்களை நினைந்து, மார்பில் அறைந்துகொண்டு, "யா ஹஸன்! யா ஹுஸைன்!" என்று மக்கள் கதறிச் செல்வது வழக்கம். அக்கதறல் இந்நாட்டிலிருந்த ஆங்கிலச் சிப்பாய்களின் காதில் விழுந்தது. அவர்கள் நாவில் அது 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' என்று உருமாறிற்று. ஒரு சமூகத்தாரின் துக்கக் குரல் மற்றொரு சமூகத்தாரின் வேடிக்கைச் சொல்லாயிற்று. அந்த வேடிக்கைச் சொல்லே பின்னர் ஒரு பேரகராதியின் தலைப்பாகவும் அமைந்தது.

இந்திய நாட்டில் வாழ்ந்த ஆங்கிலேயர், தம் தாய்மொழியோடு கலந்து பேசிய இந்நாட்டுச் சொற்களையும், இங்கு வந்து புதுப்பொருள் பெற்ற சொற்களையும் திரட்டிக் கொடுப்பதே இவ்வகராதியின் நோக்கம். இன்று அவற்றுள் பல ஆங்கிலேயருக்கே விளங்காத பழஞ்சொற்களாகிவிட்டன. ஆயினும் நமக்கு, அதிலும் சிறப்பாகத் தமிழருக்கு, அவை நெடுநாள் பிரிந்திருந்த உறவினரைப் போல் தோன்றும். முகம் மாறியிருக்கும்; உடை மாறியிருக்கும்; சற்று உற்று நோக்கினால் நம் வீட்டுச் சாயல் தெரியும்.

இந்நூலை ஆக்கியவர் இருவர். ஒருவர் கர்னல் ஹென்றி யூல். வங்காளத்துப் பொறியாளர் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மார்க்கோ போலோவின் பயண நூலை விரிவான குறிப்புகளுடன் 1871-இல் பதிப்பித்துப் புகழெய்தியவர். மற்றவர் ஆர்தர் கோக் பர்னெல். சென்னை மாகாண சிவில் சர்வீஸைச் சேர்ந்த இவர் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனையிலிருந்த வடமொழிச் சுவடிகளை ஆராய்ந்து அட்டவணை வகுத்தவர். தென்னிந்திய எழுத்துகளின் வரலாற்றைப் பற்றி 1874-இல் நூல் எழுதியவர். ஐந்திர இலக்கண மரபைப் பற்றி 1875-இல் எழுதிய நூலில் தொல்காப்பியத்தையும் எடுத்து ஆராய்ந்தவர்.

யூல் அப்பொழுது இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவில், பலெர்மோ நகரில் வாழ்ந்துவந்தார். அவருக்கும் பர்னெலுக்கும் கடிதப் போக்குவரத்து ஏற்பட்டது. 1872-ஆம் ஆண்டு வாக்கில் இத்தகைய சொற்கோவை ஒன்றைத் தாம் எண்ணியிருப்பதாகப் பர்னெல் எழுதினார். அதிலிருந்து இருவரும் சொற்களைச் சேர்த்து ஒருவர்க்கொருவர் அனுப்பலாயினர். வேலை முடியுமுன், 1882-இல், நாற்பத்திரண்டாம் வயதில் பர்னெல் மறைந்தார். யூல் தனித்து நின்று நூலை முடித்தார். இரட்டைப் பெயரைத் தலைப்பாகக் கொண்டதில், நூலாசிரியர் இருவர் என்னும் குறிப்பும் மறைந்திருக்கிறது என்று அவரே முன்னுரையில் கூறியிருக்கிறார். 1903-இல் வில்லியம் குரூக் என்பவர் புதுக்கி வெளியிட்ட இரண்டாம் பதிப்பு ஆயிரம் பக்கங்களைக் கடந்தது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைத் தொகுத்தவர்களும் இந்நூலிலிருந்து பல சான்றுகளை எடுத்துக்கொண்டனர்.

இத்தகைய நூலைக் கையில் எடுத்ததும் நம்மவருள் பலருக்கு ஒரு பெருமிதம் உண்டாகிறது. 'ஆங்கிலத்துக்கு நம் மொழி இத்தனை சொற்களைக் கொடுத்திருக்கிறதே!' என்று மகிழ்கிறோம். மகிழ்ச்சி தவறன்று. ஆனால் கொடுத்தவர் யார், எடுத்தவர் யார், எந்த இடத்தில் எடுத்தார், எடுத்த பின் அச்சொல்லை என்ன செய்தார் என்னும் கேள்விகளையும் சேர்த்துக் கேட்பதுதான் வரலாறு. அவ்வாறு கேட்டுச் சில சொற்களைப் பார்ப்போம்.

முதலில் கடற்கரைக்குச் செல்வோம். சோழமண்டலக் கடற்கரையில் அலை மிகுதி. ஐரோப்பியர் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அங்கே அவர்கள் கண்ணில் முதலில் படுபவர், கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து, அதன்மேல் முழந்தாளிட்டுத் துடுப்புப் போட்டுவரும் பரதவர். அந்தக் 'கட்டுமரம்' ஆங்கிலத்தில் 'கட்டமரான்' ஆயிற்று. வில்லியம் டாம்பியர் என்னும் மாலுமி, 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலிலேயே இச்சொல்லை எழுதியிருக்கிறார்.

இச்சொல் அதன்பின் கண்ட மாறுதல்கள் வியப்புக்குரியவை. 1804-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், நெப்போலியனுடைய படகுகள் திரண்டு நின்ற பூலோன் துறைமுகத்தின்மீது பிரிட்டிஷ் கடற்படை ஒரு புதுவகை ஆயுதத்தை ஏவிப் பார்த்தது. ராபர்ட் பல்டன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வகுத்த வெடிமருந்துப் பெட்டிகள் அவை. நீர்மட்டத்தோடு மிதந்துசென்ற அவற்றுக்கு இட்ட பெயர் 'கட்டமரான்'. அவற்றால் விளைந்த சேதம் சொற்பம். பத்தொன்பதாம் நூற்றாண்டில், வாயாடிச் சண்டையிடும் பெண்ணையும் ஆங்கிலேயர் 'கட்டமரான்' என்று ஏசலாயினர்; பூனையைக் குறிக்கும் 'கேட்' என்ற ஒலி முன்னால் நிற்பதே அதற்குக் காரணமாயிருக்கலாம் என்பர். 1876-இல் ஹெரஷாப் என்னும் அமெரிக்கர் இரட்டை உடல் கொண்ட பந்தயப் படகு ஒன்றைக் கட்டினார். அவ்வகைப் படகுக்கே இப்பெயர் நிலைத்துவிட்டது. இன்று உலகத் துறைமுகங்களில் ஓடும் 'கட்டமரான்' கப்பல்களுக்கும் நம் மீனவரின் கட்டைகளுக்கும் வடிவில் ஒற்றுமை மிகக் குறைவு. பெயர் மட்டும் நம்முடையது.

கரையிறங்கிய துரைமாருக்குப் பணம் வேண்டும், கணக்கு வேண்டும், மொழிபெயர்ப்பு வேண்டும். பணத்தில் மிகச் சிறியது காசு. போர்ச்சுகீசியர் அதைக் 'கைஷா' என்றனர். ஆங்கிலேயர் 'கேஷ்' என்றனர். சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கும்பினியார் கணக்கு எழுதிவந்தனர். 1818-இல் வெள்ளி ரூபாய் சென்னை மாகாணத்தின் நாணயமான பின் அக்கணக்கு வழக்கொழிந்தது.

இங்கு ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். கையிருப்புப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்னும் ஆங்கிலச் சொல்லே நம் காசிலிருந்து பிறந்தது என்று மேடைகளில் கூறக் கேட்கிறோம். அது சரியன்று. அந்தச் சொல் பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. சிறு நாணயத்தைக் குறித்த 'கேஷ்' மட்டுமே நம் காசு. பிற்காலத்தில் சீன நாட்டின் துளையிட்ட செப்புக் காசுகளுக்கும் இப்பெயரையே வழங்கினர். ஒலி ஒன்றாயினும் குலம் வேறு. நமக்கு உரியதல்லாத பெருமையை விட்டுக்கொடுத்தால்தான் உரிய பெருமைக்கு மதிப்பு உண்டாகும்.

கணக்கு எழுதியவர் கணக்கப்பிள்ளை. ஆங்கிலத்தில் அவர் 'கானிக்காப்பலி' ஆனார். அறிமுகமில்லாதவர் இதை ஏதோ இத்தாலியப் பெயர் என்று எண்ணக்கூடும். முத்துக்குளித்துறையில் சமயப் பணி செய்த பிரான்சிஸ் சவேரியாரின் 1544-ஆம் ஆண்டுக் கடிதங்களிலேயே இச்சொல் இடம் பெற்றிருக்கிறது. துரைக்கும் ஊராருக்கும் நடுவில் நின்று பேசியவர் 'துபாஷ்'. இரு மொழி வல்லவர் என்பது பொருள். சொல் வடமொழி வழி வந்தது. புதுச்சேரியில் டூப்ளேயிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதி வைத்த நாட்குறிப்பு இன்றும் அக்காலத்துக்குச் சிறந்த சான்றாக விளங்குகிறது. துறைமுகங்களில் கப்பலுக்கு வேண்டிய பொருள்களைச் சேகரித்துக் கொடுப்பவரையும் இச்சொல் குறித்தது. மும்பையில் பார்சிக் குடும்பங்களின் பெயராகவும் அது நிலைபெற்றது. காலாகோடா பக்கம் நடந்துசெல்லும் தமிழ் அன்பர்கள் அங்குள்ள 'துபாஷ் மார்க்' என்னும் வீதிப் பெயரைக் கண்டிருப்பர்.

வணிகச் சரக்கை வைக்கும் இடம் 'கோடவுன்'. கல்கத்தா முதல் கராச்சி வரை வழங்கிய இச்சொல் மலாய் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. மலாய்க்கு அது தென்னாட்டிலிருந்து, தெலுங்கின் 'கிடங்கி', தமிழின் 'கிடங்கு' என்பவற்றின் வழி சென்றிருக்க வேண்டும் என்று யூல் கருதினார். அவ்வாறாயின், கடல் கடந்து கிழக்கே போன சொல் ஒன்று, வேற்றார் கப்பலில் ஏறி, வேறு பெயரோடு நம்மிடமே திரும்பி வந்தது எனலாம்.

இனிச் சமையலறை. கறி, 'கரி' ஆயிற்று. மிளகுத்தண்ணீர், 'மல்லிகடானி' ஆயிற்று. நம் இல்லங்களில் சளிக்கும் அசதிக்கும் வைத்துக் கொடுக்கும் தெளிந்த நீர், ஆங்கிலேயர் மேசையில் இறைச்சியும் மசாலையும் சேர்ந்த கட்டியான சூப்பாக மாறிற்று. ஹைதர் அலியிடம் சிறைப்பட்டுப் பெங்களூரில் அடைபட்டுக் கிடந்த கடற்படையினர் ஒருவர் பாடியதாக 1784-இல் வெளிவந்த ஒரு பாட்டில், மிளகுத்தண்ணீரும் கஞ்சியுமே தம் உணவு என்ற புலம்பல் வருகிறது. அந்தக் கஞ்சியும் ஆங்கிலத்தில் 'காஞ்ஜி' என்று இடம் பிடித்தது. அதிலிருந்து 'காஞ்ஜி ஹவுஸ்' என்றொரு கூட்டுச்சொல் பிறந்தது. கஞ்சித் தொட்டி என்றோ அன்னசத்திரம் என்றோ எண்ணிவிட வேண்டா. தவறு செய்த சிப்பாயைப் பூட்டி வைக்கும் பட்டாளத்துச் சிறையறைதான் 'காஞ்ஜி ஹவுஸ்'. உள்ளே கிடைத்த உணவு அப்பெயரைப் பெற்றுத் தந்தது.

சுருட்டு, 'ஷெரூட்' ஆயிற்று. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு லண்டன் வரை பெயர் பெற்றது. இவ்வகராதி வெளிவந்த அடுத்த ஆண்டு, 1887-இல், கானன் டாயில் எழுதிய முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைக் கண்டே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் என்று துப்பறிவாளர் கூறிவிடுகிறார்.

தோப்பு, 'டோப்' ஆயிற்று. 1799-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் இரவு, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகில் சுல்தான்பேட்டைத் தோப்பின்மீது கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி படை நடத்தினார். வாய்க்கால்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய அத்தோப்பின் இருளில் படை வழி தவறிச் சிதறியது. திப்புவின் வீரர்கள் தாக்கினர். வெல்லெஸ்லி முழங்காலில் அடிபட்டுத் திரும்பினார். மறுநாள் பகலில்தான் தோப்பு கைப்பற்றப்பட்டது. 1815-இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் பிரபு இவரே. அவர் வரலாற்றை எழுதுவோர், இந்தத் 'தோப்பு' என்னும் சொல்லைத் தாண்டிச் செல்ல முடிவதில்லை.

இதுவரை பார்த்தவற்றை ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கரை, கிடங்கு, கணக்கு, சமையல், பட்டாளம் ஆகிய இடங்களிலேயே துரைமார் சொல் எடுத்தனர். பர்னெல் இருந்த தஞ்சையில் சரஸ்வதி மகால் இருந்தது. பெரிய கோயில் இருந்தது. தொல்காப்பியத்தைப் பற்றியே அவர் நூல் எழுதியிருந்தார். ஆயினும் திணை, அகம், பா, இயல் போன்ற ஒரு சொல்லேனும் ஆங்கிலேயரின் அன்றாடப் பேச்சில் புகவில்லை. குற்றம் அகராதிக்காரருடையதன்று. அவர்கள் கேட்டதைத் தொகுத்தனர். ஆள்வோரும் ஆளப்படுவோரும் எங்கே சந்தித்தனரோ அங்கிருந்தே சொற்கள் சென்றன. ஏவலும் கொள்முதலும் நடந்த இடங்களில் அவர்கள் சந்தித்தனர். ஏடு விரித்துப் படிக்கும் இடத்தில் சந்தித்தவர் மிகச் சிலரே.

மாகாணத்துக்கு மாகாணம் ஆங்கிலேயர் பேச்சும் வேறுபட்டது. அஞ்சலை வடக்கே 'டாக்' என்றனர்; சென்னையில் 'தப்பால்' என்றனர். வடக்கே 'கஸ்கஸ்' என்றது தெற்கே 'வெட்டிவேர்'. ஆங்கிலேயர் தமக்குள்ளேயே கேலிப் பெயர்களும் வைத்துக்கொண்டனர். வங்காளத்து உத்தியோகஸ்தர் 'குவை-ஹை' எனப்பட்டனர், "கோயி ஹை?" என்று ஏவலாளை எந்நேரமும் கூவி அழைப்பவர் என்பது கருத்து. பம்பாயினர், அவ்வூர்க் கருவாட்டின் பெயரால், 'டக்ஸ்' எனப்பட்டனர். சென்னையினர் மிளகுத்தண்ணீரின் பெயரால் 'மல்ஸ்' எனப்பட்டனர். அது போதாதென்று, சென்னை மாகாணத்துக்கே 'இருளில் மூழ்கியது' என்று பொருள்படும் ஒரு பட்டத்தையும் மற்ற மாகாணத்தார் சூட்டியிருந்தனர். அதுவும் அகராதியில் ஏறியிருக்கிறது. வெளிமாநிலங்களில் 'மதராஸி' என்று அழைக்கப்பட்ட அனுபவம் உடையவர்களுக்கு, அப்பழக்கம் எத்துணைப் பழையது என்பது இதனால் விளங்கும்.

பழைய ஆவணங்களைப் படிப்போர் நினைவிற்கொள்ள வேண்டிய இரண்டு பெயர்களும் உண்டு. கோட்டைக் கடிதங்களில் 'மலபார்' என்று வருமிடங்களில், அது பெரும்பாலும் தமிழரையும் தமிழ் மொழியையும் குறிக்கும், கேரளத்தை அன்று. 'ஜென்டூ' என்பது சென்னையில் தெலுங்கரைக் குறித்தது. வங்காளத்திலோ இந்துக்களைப் பொதுவாகக் குறித்தது. இது தெரியாமல் படிப்பவர், தம் முன்னோரைப் பற்றிய செய்தியையே பிறருடையது என்று ஒதுக்கிவிடக் கூடும்.

இனி, சிரித்துக் கடக்க இயலாத இரண்டு சொற்களைக் கூற வேண்டும். ஒன்று 'பாலிகர்', நம் பாளையக்காரர். அவர்களைக் காட்டுப்பகுதிகளில் வாழ்ந்த, கொள்ளை வழக்கமுடைய சிற்றரசர் என்ற கருத்தில் அகராதி விளக்குகிறது. 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்டவர்களின் ஏடுகளிலிருந்து வந்த விளக்கம் வேறு எப்படி இருக்கும்? போரில் வென்றவர் நாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. தோற்றவரின் பெயருக்குப் பொருள் எழுதும் உரிமையையும் எடுத்துக்கொள்கின்றனர்.

மற்றொன்று 'பரையா'. தமிழ்நாட்டில் தொகையால் மிகுந்த ஒரு சமூகத்தாரின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. அகராதி அச்செய்தியைச் சரியாகவே கூறுகிறது. ஆனால் அச்சமூகத்தாரைப் பற்றி ஆங்கிலேயர் கொண்டிருந்த இழிந்த எண்ணங்களையும் அதனோடு சேர்த்தே கூறுகிறது. ஐரோப்பாவில் அச்சொல் தனி வழியே சென்றது. 1791-இல் பெர்னார்தின் தெ ஸேன்பியேர் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் அப்பெயருடைய ஒருவரை நல்லோனாகக் காட்டிக் கதை புனைந்தார். 1821-இல் காசிமிர் தெலவீன் அதையே தலைப்பாக்கி நாடகம் எழுதினார். நாளடைவில், எவரும் அணுகாது விலக்கப்பட்டவன் என்ற பொதுப்பொருளே நிலைத்தது. இன்றும் உலகம் ஒதுக்கிவைத்த நாட்டை ஆங்கிலப் பத்திரிகைகள் இச்சொல்லால் குறிப்பிடுகின்றன. எழுதுபவருக்கோ படிப்பவருக்கோ, அது உயிரோடு வாழும் மக்களின் பெயர் என்ற நினைவு வருவதில்லை.

இதில் பழியை அந்நியர்மீது மட்டும் சுமத்திவிட்டு நாம் தப்ப முடியாது. அவர்கள் அச்சொல்லில் இழிவைக் கண்டார்கள் என்றால், அவ்விழிவை அவர்கள் கண்முன் நாள்தோறும் நடத்திக் காட்டியவர்கள் நம்மவரே. கட்டுமரம் நாம் கொடுத்த சொல் என்று மகிழ்வோமாயின், இதுவும் நாம் கொடுத்த சொல்லே என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அச்சமூகத்தாரே அச்சொல்லுக்கு வேறொரு விடை அளித்தனர். யூலின் அகராதி வெளிவந்த ஏழாம் ஆண்டு, 1893-இல், இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'பறையன்'. பிறர் இகழ்ச்சியாக எறிந்த சொல்லை, இது எம் பெயர் என்று தலைநிமிர்ந்து முகப்பிலே அச்சிட்டார். 1930-இல் டாக்டர் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்து தம் மக்களின் உரிமைக்காகப் பேசியவரும் அவரே. அகராதி அச்சான அதே நகரத்தில், அகராதி கேட்டறியாத குரல் ஒலித்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் ஒழித்ததை நாவும் ஒழிக்க வேண்டும். ஆங்கிலம் எழுதும் தமிழர், அச்சொல்லைப் பிறரை இகழும் உவமையாகக் கையாளாதிருப்பது அதற்கு ஒரு சிறு தொடக்கம்.

ஹாப்ஸன் ஜாப்ஸன் சொற்களுள் எவை அழிந்தன, எவை நிலைத்தன என்று இறுதியாகப் பார்ப்போம். கானிக்காப்பலி போய்விட்டார்; காஞ்ஜி ஹவுஸ் போய்விட்டது; ஷெரூட் அருகிவிட்டது; மல்ஸும் குவை-ஹையும் கப்பலேறிவிட்டனர். ஆட்சியை ஒட்டிப் பிறந்த சொற்கள் ஆட்சியோடு மறைந்தன. கட்டுமரமும் கறியும் பயன்படும் பொருள்களாக இருந்ததால் உலகச் சொற்களாகி நிலைத்தன. இகழ்ச்சிச் சொல்லோ, பயனற்றதாயினும், கேட்பார் இன்மையால் நிலைத்துவிட்டது.

தாயகம் விட்டு வந்து வாழ்வோருக்குச் சொற்களின் இந்நிலை புதிதன்று. சென்ற இடத்தார் நம் பெயரைத் தம் நாவுக்கு ஏற்பத் திருத்திக்கொள்கின்றனர். தமக்குத் தெரிந்த ஒன்றிரண்டு அடையாளங்களைக் கொண்டே நம்மை அளந்துவிடுகின்றனர். நாமும் நாம் குடியேறிய ஊர்களின் பெயர்களையும் மக்களையும் அவ்வாறே செய்கிறோம். இன்று முகர்ரம் ஊர்வலம் ஒன்று நம் வீதி வழியே செல்லுமாயின், அக்கதறல் யாருடைய பெயர்களைச் சொல்லி எழுகிறது என்பதை அருகில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அன்றைய சிப்பாய் அதைக் கேளாமல் போனதால்தான் ஒரு துக்கத்தின் பெயர் வேடிக்கையாயிற்று.